தோற்பதற்கு ஒரு ஷாக் அப்சார்பர்

"இதைவிடக் கெட்டியா ஆயில் இல்லையாங்க?" என்று கவலையோடு கேட்டாள் மனைவி.

"இதுக்கு மேலன்னா தார்தான் ஊத்தணும்," என்றார் பல் டாக்டர்.

பந்தயத் திடலின் ஓரத்துக் கொட்டகையில், மடக்கு மேஜைமேல் அவருடைய ரிமோட் பந்தய வண்டி சக்கரங்கள் இல்லாமல் கிடந்தது. விரல் நீளத்தில் நான்கு ஷாக் அப்சார்பர்கள். வண்டி மேட்டில் குதித்து விழும்போது அவற்றுக்குள் இருக்கும் ஆயில்தான் அதைத் தாங்கிப் பிடிக்கும். ஆயில் கெட்டியானால் வண்டி விறைத்துக்கொள்ளும், துள்ளும், கவிழும். டாக்டருக்கு வேண்டியது அதைத்தான்.

காரணம், சம்பந்தி. மகளை மணக்கப்போகும் பையனின் அப்பா அச்சகம் வைத்திருப்பவர். இதே கிளப்பில் வண்டி விடுபவர். டாக்டரை இதுவரை ஒரு பந்தயத்தில்கூட அவர் ஜெயித்ததில்லை. போன தடவை தோற்றவர், கைகூடக் குலுக்காமல் கிளம்பிப் போய்விட்டார். அப்புறம் ஒரு வாரம் போனை எடுக்கவில்லை. கல்யாணத் தேதி அந்தரத்தில் தொங்கியது. தட்டில் போட்டதைச் சாப்பிடாமல் அளைந்துகொண்டிருந்த மகளைப் பார்த்து, இந்தத் தடவை தோற்றே தீருவது என்று டாக்டர் முடிவு கட்டினார்.

"பேசாம மெதுவா ஓட்டித் தோத்துடுங்களேன்."

"ரிமோட்டைக் கையில எடுத்துட்டா இந்த விரல் என் பேச்சைக் கேக்காதும்மா. வண்டிதான் தோக்கணும்."

முதல் சுற்று. இரவே தண்ணீர் தெளித்து உருளை போட்டிருந்தார்கள். தரை வழவழவென்று இருந்தது. விறைத்த வண்டி துளியும் அலுங்காமல் வளைவுகளில் பறந்தது. டாக்டர்தான் முதலில் வந்தார்.

"செட்டிங் பிரமாதமா இருக்கே சம்பந்தி," என்று பல்லைக் கடித்தார் அச்சகக்காரர். அந்தக் கடைவாய்ப் பல்லுக்குப் போன வருடம் கேப் மாட்டியவரே டாக்டர்தான். அவருக்கு இரட்டைக் கவலையாகப் போயிற்று.

கெட்டி ஆயிலைக் கவிழ்த்துவிட்டுத் தண்ணீர் மாதிரி ஒன்றை ஊற்றினார். வண்டி இப்போது தொட்டாலே தொளதொளவென்று உட்கார்ந்தது.

"இது தேறாது," என்றாள் மனைவி, திருப்தியாக.

அதற்குள் வெயில் ஏறித் திடல் காய்ந்து, எங்கு பார்த்தாலும் குழி விழுந்திருந்தது. மற்ற வண்டிகள் குழியில் மோதிக் குட்டிக்கரணம் போட்டன. டாக்டரின் வண்டி மட்டும் குழிகளையெல்லாம் விழுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. மறுபடியும் முதலிடம்.

இந்த முறை அச்சகக்காரர் வாயைத் திறக்கவில்லை. வணக்கம் சொன்ன வருங்கால மருமகளைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் எழுந்து குழாயடிக்குப் போனாள். அழுத முகத்தைக் கழுவத்தான் போகிறாள் என்று டாக்டருக்குத் தெரிந்தது.

"உங்களுக்குத் தோக்கக்கூட ஒழுங்கா வரலையே!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் துணிந்துவிட்டார். இடப்பக்கம் மெத்தென்ற ஸ்பிரிங், வலப்பக்கம் கல் மாதிரி ஸ்பிரிங். உலகத்தில் எவனும் இப்படி மாட்டமாட்டான். ஆனால் திடலின் பெரிய வளைவுகள் எல்லாமே இடப்பக்கமாகத் திரும்புபவை. நொண்டி வண்டி சாயாமல் திரும்பி அரையிறுதியையும் அள்ளிக்கொண்டது. கிளப் ஆட்கள் இரண்டு பேர் வந்து அந்த ஸ்பிரிங்குகளைப் பயபக்தியோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இறுதிச் சுற்றுக்கு முன்னால் டாக்டர் மனைவியை அந்தப் பக்கம் திரும்பச் சொன்னார். பின்பக்க ஷாக்கின் அடித் திருகைத் தன் கையாலேயே தளர்த்தினார். ஒரு திருகைத் தளரவிட்டு வண்டியை ஓட்டிய பாவம் அவர் செய்ததே இல்லை. நல்ல பல்லைப் பிடுங்கியதுபோல் இருந்தது.

வண்டி அப்போதும் முன்னால்தான் ஓடியது. கடைசி மேட்டில் எழும்பி, விழுந்து, ஷாக் தனியே கழன்று தெறித்தது. வண்டி வயிறு தரையில் பட உட்கார்ந்துவிட்டது. அச்சகக்காரரின் வண்டி அதைத் தாண்டிப் போனது.

"சம்பந்தி!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டார் அவர். "அடுத்த மாசமே கல்யாணத்தை வெச்சுடுவோம்! அந்த மூணாவது வளைவுல நான் எப்படி எடுத்தேன் பாத்தீங்களா? சொல்றேன் கேளுங்க..."

வளைவு வளைவாகச் சொன்னார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். மகள் வாய்விட்டுச் சிரித்தாள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தோற்ற வலி ஒரு பக்கம் இருந்தாலும் டாக்டருக்கு மனசு நிறைந்துபோயிற்று.

கூட்டம் கொஞ்சம் விலகியதும், நாள் முழுக்கப் பின்வரிசை நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மா டாக்டரிடம் வந்தார். முகம் பேயறைந்தாற்போல் இருந்தது.

"இப்படிக் கழுத்தறுத்துட்டீங்களே அண்ணா! உங்ககிட்ட தோத்தாத்தான் இந்த மனுஷன் ஒரு வாரமாவது வாயை மூடிட்டு இருப்பாரு. அதுக்காகத்தானே வந்த வரனையெல்லாம் தள்ளிட்டு உங்க வீட்லயே பொண்ணு எடுக்கச் சொன்னேன்!"