நான்காவது வினாடியில் எழும் கை

இன்று நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப்போகும் உயிரினம் துருவத்தைச் சேர்ந்தது. உடனே பென்குயினுக்கும் வெள்ளைக் கரடிக்கும் போய்விடாதீர்கள். அவை தங்கள் வேலையைத் தாங்கள் பார்த்துக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிற பிராணிகள். நான் சொல்கிற இனம், இரண்டாவது மாடி அறையில், மூன்று திரைகளுக்கு முன்னால், காதில் ஹெட்போனும் கையில் ஆறிப்போன டீயுமாக உட்கார்ந்து, பூமியின் இரண்டு முனைகளையும் சம்பளமில்லாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பது. ‘இளம் துருவ ஆய்வாளர், தன்னார்வத் தலைவர்’ என்று பெயர். இவர்கள் எழுதும் கடிதத்தின் அடியைப் பார்த்தாலே இனம் தெரிந்துவிடும். பெயர் ஒரு வரி இருக்கும், பதவிகள் ஒன்பது வரி இருக்கும்.

இதையெல்லாம் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். அதே ஆய்வு நிலையத்தின் கீழ்த்தளத்தில் குளிர்க்கிடங்கு ஒன்று இருக்கிறது. கப்பலில் வந்து இறங்கும் பனிக்கட்டிகளை மைனஸ் இருபது டிகிரியில் உருகாமல் காப்பாற்றுவது என் உத்தியோகம். பதினெட்டு வருடமாகப் பனிக்கட்டியையும் பார்க்கிறேன், இந்த இனத்தையும் பார்க்கிறேன். பனிக்கட்டியாவது கதவைத் திறந்து வைத்தால்தான் உருகும். இவர்கள், ‘கொஞ்சம் உதவ முடியுமா’ என்று யாராவது வாயைத் திறந்தாலே உருகிவிடுவார்கள்.

‘இளம்’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். இவர்களுடைய சங்க விதிப்படி, முனைவர் பட்டம் வாங்கி ஐந்து வருடம் வரைக்கும் ஒருவர் இளைஞர். பட்டமே வாங்காவிட்டால்? காலமெல்லாம் இளைஞர்தான். இப்படியே நரைத்துப்போன இளைஞர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

எங்கள் நிலையத்தில் இந்த இனத்துக்கு ஒரு நல்ல மாதிரி உண்டு. பெண், முப்பத்திரண்டு வயது. பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, ‘தலைவரே’தான். உறைந்த கடலில் பனிக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வாழும் பாசியைப் பற்றி ஆராய்கிறார். பாசிக்கும் அவருக்கும் ஒற்றுமை உண்டு, இரண்டும் தலைக்கு மேலே இருக்கிற கனத்தைப் பற்றி முணுமுணுப்பதே இல்லை. அவர் மேசையில் ஐந்து சின்னக் கடிகாரங்கள் வரிசையாக நின்று, சங்க உறுப்பினர்கள் இருக்கும் ஐந்து நாட்டு நேரத்தைக் காட்டும். எங்கள் ஊர் நேரத்துக்கு மட்டும் கடிகாரம் இல்லை. கேட்டால், “இங்க இருந்து யாருண்ணா மீட்டிங்குக்கு வரப்போறாங்க?” என்பார்.

இந்த இனத்தின் தலையாய குணம், மௌனத்தைத் தாங்க முடியாமை. கூட்டத்தில் ஒருவர், “சரி, இதை யார் எடுத்துச் செய்யறீங்க?” என்று கேட்கிறார். கடிகாரத்தைப் பிடித்தே பார்த்திருக்கிறேன், வழக்கமாக ஏழு வினாடி மௌனம் நிலவும். அனுபவசாலிகள் உடனே குனிந்து காகிதத்தில் எதையோ எழுத ஆரம்பிப்பார்கள். ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார், ஒருவருக்கு அவசரமாகத் தண்ணீர் தேவைப்படும், காணொளியில் இருப்பவருக்குச் சரியாக அப்போது பார்த்து இணைப்பு போய்விடும். ஏழு வினாடி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும், கேட்டவரே “அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்” என்று விட்டுவிடுவார். உலகத்தில் பாதி வேலை இப்படித்தான் நடக்காமல் இருக்கிறது, யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நம்மவருக்கோ நான்காவது வினாடியில் கை எழுந்துவிடும். “நான் பாத்துக்கறேன்.” அந்தக் கை அவரைக் கேட்டுக்கொண்டு எழுவதில்லை என்பது என் கட்சி.

அப்படி எழுந்த கையால்தான் அவர் சங்கச் செய்திமடலுக்கு ஆசிரியர் ஆனார், ஆசிரியர் ஆனதால் மொழிபெயர்ப்புக் குழுவும் அவர் தலையில் விழுந்தது, பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பென்குயினைப் பற்றிப் பேச ஆள் இல்லை என்றபோது அதற்கும் போனார், சங்கத்தில் குழுக்கள் அளவுக்கு மீறிப் போய்விட்டனவே என்று ஆராயப் போட்ட குழுவுக்கும் செயலர் ஆனார், அந்தக் குழு ஒரு வருடம் ஆராய்ந்து இன்னொரு குழு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தக் குழுவுக்கு யார் பொறுப்பேற்றார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மதியம் நானும் என் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவேன். அந்த நேரம் பார்த்து அவர் அம்மா போனில் வருவார். கை இரண்டும் தட்டச்சில் இருப்பதால் போன் ஸ்பீக்கரில் பேசும்.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டுக்கிட்டே இருக்கேம்மா.” டப்பாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

“அந்தப் பனி ஊருக்கு எப்பதான் போகப்போற?”

“இப்ப மத்தவங்க போறதுக்கு ஏற்பாடு பண்ணிக்கிட்டிருக்கேம்மா.”

“டிக்கெட் போட்டுக் குடுக்கற கடையா வச்சிருக்க?”

“நான் தலைவர்மா.”

“எத்தனை பேருக்கு?”

“நானூறு பேருக்கு.”

“நானூறு பேர்ல ஒருத்தர் வந்து உனக்கு அந்த டப்பாவைத் திறந்து குடுக்க மாட்டாங்களா?”

அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அம்மாவின் கவலையில் நியாயம் இருந்தது. தலைவரின் ஆய்வுக்கு இரண்டு பருவத்துப் பனி வேண்டும். முதல் பருவத்தை அவருடைய பேராசிரியை ஐந்து வருடத்துக்கு முன்பு போய்க் கொண்டுவந்தார். என் கிடங்கில் மூன்றாவது அலமாரியில் இருக்கிறது. இரண்டாவது இன்னும் வர வேண்டும். கப்பல் போவதோ வருடத்துக்கு ஒரு தடவை. ஆய்வுப் பதிவு அடுத்த வருடத்தோடு காலாவதியாகிறது. இந்தக் கப்பலை விட்டால் பனி இல்லை, பனி இல்லாவிட்டால் பட்டம் இல்லை, ஆறு வருட உழைப்பு தண்ணீராகப் போகும். அதோடு, பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரு நாளாவது துருவத்தில் கால் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட பெண் அவர். துருவ ஆய்வாளர் நானூறு பேருக்குத் தலைவராக இருப்பவர் இதுவரை கண்ட குளிர் என் கிடங்கின் குளிர் மட்டும்தான். சில நாள் என் கம்பளிக் கோட்டை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போய், அலமாரிகளுக்கு நடுவில் இரண்டு நிமிடம் சும்மா நிற்பார்.

“என்ன தலைவரே தேடறீங்க?”

“ஒண்ணுமில்லண்ணா. பழகிக்கறேன்.”

கேட்கப் பாவமாக இருக்கும். ஆனாலும் கோட்டைத் திருப்பி வாங்கிக்கொள்வேன், கிடங்குக்கு இருப்பது ஒரே கோட்டு.

கப்பலுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நேரம், வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. சங்கத் தலைவர் என்ற முறையில் நானூறு பேருக்கும் நான்கு தடவை ஞாபகப்படுத்திக் கடிதம் போட்டார். முப்பத்தேழு பேரின் விண்ணப்பத்தை வரி வரியாகத் திருத்திக் கொடுத்தார். படத்தில் காது தெரியவில்லை என்று ஒரு பையனுக்குத் திருப்பி அனுப்பி வேறு படம் எடுக்கவைத்தார். தன்னுடையதையும் நிரப்பித்தான் வைத்திருந்தார், அது திரையின் ஓரத்தில் நான்கு நாளாகத் திறந்தபடி கிடந்தது. ‘நான் ஏன் போக வேண்டும்’ என்று ஒரு பத்தி மட்டும் பாக்கி. அடுத்தவர்களுக்காக அதே பத்தியை முப்பத்தேழு விதமாக எழுதிக் கொடுத்தவருக்குத் தனக்கு என்றதும் கை ஓடவில்லை. ‘நான்’ என்று ஆரம்பித்தாலே கூச்சமாக இருக்கிறதாம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சங்கத்தில் காணொளிப் பயிலரங்கு ஒன்று வைத்திருந்தார்கள். உறுப்பினர்கள் வேலைப் பளுவில் வாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நம் தலைவரே ஏற்பாடு செய்தது. தலைப்பு, ‘முடியாது என்று சொல்லப் பழகுவது எப்படி?’ நடத்த ஒப்புக்கொண்டிருந்த மனநல ஆலோசகர் வியாழக்கிழமை கடிதம் போட்டார், வேலை நிறைய இருக்கிறது, முடியாது என்று. பாடத்தை ஒரே வரியில் நடத்தி முடித்துவிட்டார் அந்த மனிதர். செயற்குழு அவசரமாகக் கூடியது. “யார் நடத்தறீங்க?” ஒன்று, இரண்டு, மூன்று.

நடத்தினார். பிரமாதமாகவும் நடத்தினார். பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது நான் மேலே போய்க் கண்ணாடிக் கதவைத் தட்டி என் மணிக்கட்டைக் காட்டினேன். சிரித்தபடி ஒரு விரலைக் காட்டினார், ஒரே நிமிடம் என்று. திரையில் ஓர் உறுப்பினர், மைத்துனருக்கு மறுப்புச் சொல்ல முடியாமல் தான் படும் பாட்டைச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். அழுகிறவரை எப்படிப் பாதியில் விடுவது? முடித்து, கைதட்டல் வாங்கி, இதன் இரண்டாம் பாகத்தையும் நடத்துவதாக ஒப்புக்கொண்டு, திரையின் ஓரத்துக்குத் திரும்பினார். ‘விண்ணப்பக் காலம் முடிந்தது. நன்றி’ என்று இருந்தது. ஐந்து கடிகாரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதை வைத்துக் கணக்குப் போட்டாலும் எங்கள் ஊரில் மணி பன்னிரண்டு ஏழுதான்.

பேராசிரியை தேர்வுக் குழுவிடம் பேசுவதற்குப் போனைக் கையில் எடுத்துவிட்டார். தலைவர் விடவில்லை. கப்பல் விதிகளைப் போன வருடம் எழுதியது யார்? எழுத யாரும் முன்வராததால் அவர்தான். ‘தாமதமாக வரும் விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா, யாருடையதாக இருந்தாலும்.’ அந்தக் கடைசி இரண்டு சொல்லைச் சேர்ப்பதற்காகவே ஒரு கூட்டம் முழுக்க வாதாடியிருக்கிறார்.

“ஏழு நிமிஷம்தானேம்மா,” என்றார் பேராசிரியை.

“போன வருஷம் ரெண்டு நிமிஷம் லேட்டுன்னு ஒருத்தரைத் திருப்பி அனுப்பினேன் மேடம். இனிமே அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?”

அன்றைக்குக் கீழே வந்து, ஆணியிலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கிடங்குக்குள் போனார். இரண்டு நிமிடம் பத்து நிமிடம் ஆயிற்று. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. வெளியே வந்தபோது கண்ணிமை வெள்ளையாக உறைந்திருந்தது. கோட்டை நான் திருப்பிக் கேட்கவில்லை.

கப்பலுக்கு ஒன்பது பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஐந்து பேர் அவர் திருத்திக் கொடுத்தவர்கள். பயணத்துக்கு முன்பு எங்கள் நிலையத்தில் ஆயத்தக் கூட்டம் நடந்தது. குளிர்ப்பெட்டிகளைப் பற்றிச் சொல்ல நானும் போயிருந்தேன். தலைவர் மூலையில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். ஆமாம், போகாத கப்பலுக்குக் குறிப்பும் அவர்தான். எல்லாம் முடிகிற நேரத்தில் பேராசிரியை தொண்டையைக் கனைத்தார்.

“கடைசியா ஒரு விஷயம். நம்ம தலைவரோட ஆராய்ச்சிக்கு நாப்பது கட்டி பனி வேணும். கடும் குளிர்ல நின்னு துளை போட்டு எடுக்கணும், உங்க வேலையெல்லாம் முடிஞ்சப்பறம்தான். யார் எடுத்துட்டு வர்றீங்க?”

தலைவரின் காது சிவந்துவிட்டது. குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. மற்றவர்களுக்குத் திடீரென்று மூக்குக் கண்ணாடியில் தூசி. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது வினாடியில் ஒரு கை எழுந்தது.

“நான் பாத்துக்கறேன்.”

தலைவரின் கை. அந்த அறையில் கப்பலேறாத ஆய்வாளர் அவர் ஒருவர்தான்.

தன் கையை அவரே நிமிர்ந்து பார்த்தார். அறை முழுக்க ஒரு சிரிப்பு கிளம்பியது, பேராசிரியைகூடக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், படத்தில் காது தெரியாத பையன் எழுந்து நின்றான்.

“அக்கா, கையை இறக்குங்க. நான் பாத்துக்கறேன்.”

“நானும்,” என்றாள் அவனுக்குப் பக்கத்தில் இருந்தவள். “அந்தப் பத்தியை எனக்கு மூணு தடவை எழுதிக் குடுத்தீங்க. நான் இருபது எடுக்கறேன்.” பிறகு, அவர் திருத்திக் கொடுத்தவர்களில் மிச்ச மூன்று பேரின் கைகளும் எழுந்தன.

“வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்...” என்று தலைவர் ஆரம்பித்தார்.

“முடியாதுன்னு சொல்றதுக்கு வகுப்பு எடுத்தல்ல,” என்றார் பேராசிரியை. “சரின்னு சொல்றதுக்கும் ஒண்ணு எடுக்கணுமா?”

அதை யார் எடுப்பது என்று கேட்க வாய் திறந்த ஒரு புண்ணியவானை நான் முறைத்தே உட்காரவைத்தேன்.

நான்கு மாதம் கழித்துக் கப்பல் திரும்புகிற சேதி வந்தது. பெட்டிகள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்து சேரும், கிடங்கைத் திறந்து இறக்கி வைக்க யார் வருகிறீர்கள் என்று நிர்வாக அலுவலர் கேட்டார். ஞாயிறு எனக்கு விடுமுறை. பதினெட்டு வருடத்தில் ஒரு ஞாயிறு நான் வந்தது கிடையாது. ஏழு வினாடி வித்தையில் என்னை மிஞ்ச இந்த நிலையத்தில் ஆள் இல்லை. குனிந்து காகிதத்தில் எழுத ஆரம்பித்தேன். அப்போது “நான் பாத்துக்கறேன்” என்று ஒரு குரல் கேட்டது. யாரடா அது என்று சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாற்பது கட்டி கேட்டதற்கு நாற்பத்தாறு வந்தது. தலைவர் இப்போது ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறார். துருவத்தை இன்னும் பார்க்கவில்லை. பார்ப்பார், பட்டம் வாங்கினால் இன்னும் ஐந்து வருடம் அவர் இளைஞர்தானே. அடுத்த விண்ணப்பத்தை முதல் நாளே அனுப்பவைக்க நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரப்போகிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

‘பாவம், இப்படியும் சில பேர்’ என்று இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நமக்கென்ன வந்தது, நாம் துருவத்துப் பக்கமே போவதில்லை என்ற தைரியம். குடியிருப்புச் சங்கத்தில் தண்ணீர்த் தொட்டி கழுவுவதை மேற்பார்வை பார்த்தது யார், அலுவலகத்தில் பிறந்த நாள் கேக்குக்கு ஓடியது யார் என்றெல்லாம் நான் கிளறப்போவதில்லை. சின்னதாக ஒரு சோதனை மட்டும். எங்கள் கிடங்கில் நாற்பத்தாறு கட்டிகளுக்கும் எண் எழுதி ஒட்ட வேண்டியிருக்கிறது. மைனஸ் இருபது டிகிரி. சம்பளம் கிடையாது. கோட்டு ஒன்றுதான், மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். யார் வருகிறீர்கள்?

ஒன்று. இரண்டு. மூன்று.

கையை இறக்குங்கள். புத்தகம் கீழே விழப்போகிறது.