பழைய கம்ப்யூட்டர்காரர்கள் கூட்டத்தில் ஒரு சிங்கம்

என் சிடுமூஞ்சிக் கண்ணுக்கு,

உங்கள் மனைவி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகளும் மாப்பிள்ளையும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்க வேண்டியதில்லை. கடைச் சாவியையும் மாப்பிள்ளையின் யோசனைகளையும் என் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தவருக்கு என்ன குறை?

நீங்கள் கண்ணை மூடிய பிறகு நம் போர்டுக் கடையை நான்தான் திறக்கிறேன். போர்டுக்கு ஸ்டிக்கர் எழுத்து வெட்டும் மெஷின் உங்கள் கிழட்டுக் கம்ப்யூட்டர் சொன்னால்தான் அசையும். அந்த மகாராஜா போன வாரம் கறுப்புத் திரையில் நாலு வரி எழுதிவிட்டு உட்கார்ந்துகொண்டார். பல் டாக்டர் போர்டு பாதியில் நின்றது. பல் வந்துவிட்டது, டாக்டர் வரவில்லை. ரிப்பேர்க்காரர் வந்து, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி தலையை ஆட்டினார். "இதுல இருக்கிறதெல்லாம் காலாவதி ஆயிடுச்சும்மா. கம்பெனிக்காரனே கைகழுவிட்டான்." மாப்பிள்ளை உடனே, "அத்தை, பேசாம குப்பையில போடுங்க" என்றார். அவருக்கு எதைப் பார்த்தாலும் குப்பைதான். நல்ல வேளை, நம் மகளைப் பார்த்து இன்னும் சொல்லவில்லை.

பழைய கம்ப்யூட்டரை விடாமல் கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்கு இன்டர்நெட்டில் கூட்டம் இருக்குமே என்று மகள் உங்கள் போனில் தேடினாள். தேடவே வேண்டியிருக்கவில்லை, கதவு திறந்தே கிடந்தது. ஐயா அங்கே பழைய உறுப்பினராம்! பெயர் வேறு "சிங்கம்". கரப்பான்பூச்சி வந்தால் நாற்காலி மேல் ஏறி நின்று என்னைக் கூப்பிடும் சிங்கம்!

ஒவ்வோர் எழுத்தாகக் குத்தி, "கம்ப்யூட்டர் ஓடவில்லை, உதவி செய்யவும்" என்று போட்டேன். அது உங்கள் பெயரில் போகும் என்று எனக்கென்ன தெரியும்? கொட்டினார்கள் பாருங்கள். "வாய்யா சிங்கம், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றார் ஒருவர். "கோவிச்சுக்கிட்டுப் போனவரு, மெஷின் படுத்ததும் ஓடி வர்றாரு" என்றார் இன்னொருவர். அவர்களுக்குள் இரண்டு கட்சி. பழையதை வைத்திருப்பவர்கள், அதைவிடப் பழையதை வைத்திருப்பவர்கள். ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள் போல. ரீஸ்டார்ட் வாத்தியார் என்று ஒருவர் உங்கள் கம்ப்யூட்டரை அட்டைப்பெட்டி என்றாராம், நீங்கள் அவரை... அதை என் கையால் எழுத மாட்டேன். இவ்வளவு பெரிய வாயை வீட்டில் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்? நான் சும்மா இருக்காமல், புதுசு வாங்கிவிடலாமா என்று கேட்டுத் தொலைத்தேன். அங்கே அது கெட்ட வார்த்தையாம். சொன்னவர் தன் கம்ப்யூட்டரிடம் மன்னிப்புக் கேட்டு, அதைப் படம் பிடித்துப் போட்டால்தான் மேலே பேசுவார்களாம். அதன் முன்னால் கையைக் கூப்பினேன், முகம் தெரியாமல் கையை மட்டும் மகள் படம் பிடித்துப் போட்டாள். உங்களிடம்கூட நான் இவ்வளவு பணிந்ததில்லை.

அப்புறம்தான் வாயைத் திறந்தார்கள். உள்ளே பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், அதை மாற்று என்றார்கள். மாற்றினேன், ஓடுகிறது. பல்லுக்கு டாக்டர் வந்துவிட்டார். தேதி மட்டும் எங்கேயோ பின்னால் போய் நின்றது. அந்தத் தேதிக்கு நம் மகளே பிறக்கவில்லை, மாப்பிள்ளைத் தொல்லையும் இல்லை.

ஆனால் ஒன்று. நீங்கள் செத்தது அங்கே யாருக்கும் தெரியாது. கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, தினமும் வண்டி வண்டியாகத் திட்டுகிறார்கள். இங்கே வருகிறவர்கள் எல்லாம் "தங்கமான மனுஷன்" என்கிறார்கள், யாரைச் சொல்கிறார்கள் என்றே எனக்குப் புரிவதில்லை. உங்களை உள்ளபடி தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அதற்காகப் பொய்யில் குடித்தனம் நடத்த முடியுமா? இன்றைக்கே உண்மையை எழுதிவிட்டு அந்தப் பக்கத்தை மூடிவிடப்போகிறேன். இதில் மாற்றமே இல்லை.

மகள் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, அதுவே பெரிய உபகாரம். போன இடத்திலாவது யாரோடும் மல்லுக்கு நிற்காமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
சிங்கத்தைக் கட்டி மேய்த்தவள்

பின்குறிப்பு: மூடவில்லை. "அவர் போய்விட்டார்" என்று குத்தி முடித்தேன். அனுப்புவதற்குள் அந்த வாத்தியார் முந்திக்கொண்டார். "சிங்கம், நான் சொன்னது தப்புத்தான்யா. இன்னுமா கோவம்?" குத்தியதையெல்லாம் அழித்துவிட்டேன். மனுஷன் பதிலுக்குக் காத்திருக்கிறார். நான் என்னவென்று போட? சொல்லுங்கள், உங்கள் கோபம் தீர்ந்துவிட்டதா, இல்லையா?