வெற்றிலைப் பெட்டியில் குறைந்த நாற்பத்தொரு கிராம்

உக்கடம், கோவை.

சத்தியமங்கலத்திலிருக்கும் தங்கை உம்மல் குல்சுமுக்கு அண்ணன் அப்துல் மஜீத் ஸலாம் கூறி எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் நலம். நீ போனை வைத்த விதத்தை மன்னித்து, உன் வீட்டார் நலத்துக்கும் துஆ செய்கிறேன்.

முலாம் பூச நீ அனுப்பிய அம்மாவின் செம்பு வெற்றிலைப் பெட்டி திரும்பி வந்ததும், "பெட்டி வந்துருச்சு அண்ணே. அம்மா எங்க?" என்று கேட்டாய். மூடியில் பெயர் இல்லாமல் உன் மகள் நஸ்ரியாவின் நிக்காஹ்வுக்குத் தாய்மாமன் வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாய். அத்தா ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்திய 'மைமூன் பீவி' அது. அம்மாவின் பெயர் வேறெங்குமே எழுதப்படவில்லை, அடக்கிய கபரிலும் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் குற்றவாளி நானல்ல.

நான் ஐந்தாவதோடு நின்றவன்தான். இருந்தாலும் பழைய புத்தகக் கடையில் வேதியியல் வாங்கி நானே படித்து, நாற்பது வருடமாக முலாம் பூசுகிறேன். செம்பின் அணு இரண்டு எலெக்ட்ரானை விட்டால் அயனியாகித் தொட்டி நீரில் இறங்கும். எதிர்ப்பக்கம் போய் இரண்டை வாங்கினால் மறுபடி செம்பாகி ஒட்டும். பிளஸ்ஸில் தொங்குவது கரையும், மைனஸில் தொங்குவது கனக்கும். பிளஸ்ஸில் செம்புத் தகட்டையும் மைனஸில் உன் பெட்டியையும் மாட்டிவிட்டுத்தான் ஜும்ஆ தொழுகைக்குப் போனேன். சிவப்பு வயர் கருகியதால் இப்போது இரண்டுமே கறுப்பு. அதனாலென்ன, கண்ணை மூடிக்கொண்டே மாட்டுவேன். திரும்பி வந்தால் பாலீஷ் போடும் செங்கோடன், "ஏனுங்க பாய், பெட்டி இளைச்சுப்போச்சுங்களே" என்றான். நிறுத்தோம். நாற்பத்தொரு கிராம் குறைவு. அத்தனையும் உன் மாமியார் வீட்டு அழுக்கு என்று அவனுக்குச் சொன்னேன். உண்மையில், முப்பது வருடம் புளி போட்டுத் தேய்த்து அம்மாவின் பெயரை அழித்தது நீ. மிச்சமிருந்த தூசியைத்தான் என் தொட்டி கழுவியது. எந்தத் தகட்டையும் மாட்டும்முன் அதன் எடையைச் சுவரில் எழுதுவது என் வழக்கம். இப்போதே செங்கோடனை நிறுக்கச் சொல்லியிருக்கிறேன். தகடு இளைத்திருக்கும். அப்போது நீ என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். நிக்காஹ்வில் எனக்கு முன்வரிசை நாற்காலியும் போட வேண்டும்.

அல்லாஹ் உனக்கு ஆரோக்கியத்தையும், அண்ணன் சொன்னால் நம்பும் மனதையும் தரட்டும்.

அப்துல் மஜீத்

பி.கு.: கவரை ஒட்டும்முன் செங்கோடன் நிறுத்துவிட்டான். தகடு நாற்பத்தொரு கிராம் கூடியிருக்கிறது. மறுபடி நிறுக்கச் சொன்னேன். மூன்றாம் தடவை நானே நிறுத்தேன். வயரை நான்தான் மாற்றி மாட்டியிருக்கிறேன். அந்தத் தகட்டை இனித் தொட்டியில் இறக்க மாட்டேன். கழுவித் துடைத்து செங்கோடனிடம் கொடுத்தனுப்புகிறேன். நிக்காஹ் அன்று வெற்றிலையை அதன்மேல் வை. எழுத்து இருக்காது, அம்மா பெயரிலிருந்து போன செம்பு அதில்தான் ஒட்டியிருக்கிறது. நீ சொன்னபடி நான் வரவில்லை. செங்கோடனுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பு.