உயிரோடிருந்த அண்ணாச்சிக்குப் படத்திறப்பு

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் அதை வேதவாக்காக நம்பி நான் மக்கள் தொடர்பு டிப்ளமோவில் சேர்ந்தேன். மயிலாப்பூரில் மாலை வகுப்பு. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் பத்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசுவேன். புதன்கிழமை எழுத்துப் பயிற்சி வகுப்பு வந்தால் மட்டும் எனக்குத் தலைவலி வந்துவிடும். (மருந்து, தோழிகளோடு லஸ் முனையில் ரவா தோசை.)

பயிற்சிக்காகத் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு அனுப்பினார்கள். முதலாளி ஆறுமுகம் அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கடையைத் தொடங்கிய அவருடைய அப்பா வேலாயுதம் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அப்பாவின் படத்தை அண்ணாச்சி கடையில் திறந்துவைக்கப் போகிறார். பத்திரிகைக்கு நாலு வரி எழுதித் தரவேண்டும், அவ்வளவுதான்.

நாலு வரியா? என் திறமைக்கு அது போதுமா? வள்ளல், திருமகனார், திருக்கரம் என்று கைக்குக் கிடைத்த அலங்காரத்தையெல்லாம் ஏற்றி ஒரே வாக்கியமாக ஒரு பக்கம் எழுதினேன். நீளம் எனக்கே பயமாக இருந்தது. கண்டபடி வெட்டினேன். வெட்டியதில், படத்தைத் திறக்கவேண்டிய அண்ணாச்சியின் திருக்கரம் போய்விட்டது. மிஞ்சியது இது: "மறைந்த வள்ளல் வேலாயுதம் அவர்களின் திருமகனார் ஆறுமுகம் அவர்களின் திருவுருவப் படத்திறப்பு விழா."

அண்ணாச்சி படித்துப் பார்க்கவில்லை. படித்த பிள்ளை எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

செய்தி வந்த அன்று காலை, பேப்பரும் கையுமாகக் கடைக்குப் போனேன். வாசலில் காஞ்சிபுரத்து நெசவாளர்கள் மூன்று பேர் பெரிய ரோஜா மாலையோடு நின்றிருந்தார்கள். மூத்தவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எப்படிம்மா ஆச்சு, இவ்வளவு திடீர்னு?"

நான் பேப்பரைக் காட்டி, "எல்லாம் என் கைவேலைதான்" என்றேன் பெருமையாக. அவர் இரண்டடி பின்னால் போனார்.

அப்போது உள்ளேயிருந்து அண்ணாச்சி வெளியே வந்தார். மாலையை வைத்திருந்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அவர் முகம் வெளிறியிருந்தது.

"நான் போனது இருக்கட்டும் தாயி. தூத்துக்குடியில எம் மக நிறைமாசமா இருக்கா. அவ வீட்டுலயும் இந்தப் பேப்பர்தான் வாங்குதாக."

டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம். துண்டு மூட்டைமேல் உட்கார்ந்து கபாலீஸ்வரருக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டேன். நடுவில் துக்கம் விசாரித்து வேறு போன்கள். ஒவ்வொன்றுக்கும் அண்ணாச்சி, "ஆறுமுகம்தான் பேசுதேன்" என்பார். மறுமுனையில் சத்தமே வராது.

ஒரு மணி நேரம் கழித்துத் தூத்துக்குடி கிடைத்தது. மகளின் மாமியார் எடுத்தார். "நான் உங்க சம்பந்தி பேசுதேன்" என்றார் அண்ணாச்சி. அங்கே ஓர் அலறல், ரிசீவர் விழும் சத்தம். லைன் போய்விட்டது. அலறியது எதற்கென்று தெரியாமல் இன்னும் ஒரு மணி நேரம். அண்ணாச்சி நாற்காலியில் உட்காரவே இல்லை.

இரண்டாம் முறை மணி அடித்ததும் ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"நீயே சொல்லு. நல்லாப் பேசுவேல்லா."

வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கு வாய் எழவில்லை. கடைசியில், "மாமி, அவர் சௌக்கியமா இருக்கார். நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்றேன்.

அந்த அம்மாள் விம்மி விம்மி அழுதார். பிறகுதான் விஷயம் வந்தது. காலையிலேயே செய்தியைப் பார்த்துவிட்டு, பேப்பரை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்து, மருமகளிடம் சொல்லாமல் தனியாகத் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார். மகளுக்கு ஒன்றும் தெரியாது. அதை நான் திரும்பிச் சொன்னதும் அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் வெளிப்படையாகவே அழுதேன்.

அன்று பிற்பகல் மறுப்பு எழுத வைத்தார். பதினோரு தாள் கிழித்தபின், "திரு. ஆறுமுகம் நலமாக இருக்கிறார்" என்று முடித்தேன். நான் எழுதிய முதல் உருப்படியான வாக்கியம் அதுதான். அடுத்த புதன்கிழமை முதல் தலைவலி வரவில்லை.

பிறகு அதே துறையில் முப்பது வருஷம் எழுதியே சம்பாதித்தேன். என்ன பிரயோஜனம்? வீட்டில் கல்யாணப் பத்திரிகையானாலும் சலவைக் கணக்கானாலும், நான் எழுதியதைக் கையில் வாங்கியதும் என் கணவர் கண்ணாடியைத் தேடுவார். பேத்தி முந்திக்கொண்டு கேட்டுவிடுவாள்:

"பாட்டி, இதுல யாரும் சாகலையே?"