லண்டனில் காலமான ஜான் கோதண்டம்

பெரிய பணம் வரப்போகிறது என்று தெரிந்தால் மனிதனுக்குத் தூக்கம் போய்விடும் என்கிறார்கள். எனக்கு விழிப்புதான் போயிற்று. ஏறக்குறைய ஒரு வாரம் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன்.

அப்போது கல்யாணமான புதிது. அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட், நட்டு செய்யும் சின்னக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. அயனம்பாக்கத்தில் ஏரியை ஒட்டி ஒரு வாடகை ஃபிளாட். (ஏரியை ஒட்டி என்றால், மொட்டை மாடிக்குப் போய் எக்கிப் பார்த்தால்.)

ஒரு மத்தியானம் தயிர்சாதத்தோடு மெயிலைத் திறந்தேன். லண்டனிலிருந்து ஒரு வக்கீல் எழுதியிருந்தார். "அன்புள்ள திரு. கோதண்டம், உங்கள் உறவினரான சுரங்க அதிபர் ஜான் கோதண்டம் விமான விபத்தில் குடும்பத்தோடு காலமானார். அவர் பெயரைத் தாங்கிய ஒரே வாரிசு நீங்கள்தான். வங்கியில் எட்டு மில்லியன் டாலர் காத்திருக்கிறது. யாரிடமும் சொல்ல வேண்டாம்."

கோதண்டம் என்பது என் அப்பாவின் பெயர். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? மெயில் கணக்கு தொடங்கும்போது, கடைசிப் பெயர் இல்லாமல் நகரமாட்டேன் என்று கம்ப்யூட்டர் அடம்பிடித்ததால் அப்பாவைப் போட்டேன். இதை யோசித்திருக்க வேண்டிய மூளை, அதற்குள் எட்டுக்குப் பின்னால் சைபர் போட்டுக்கொண்டே வெகுதூரம் போய்விட்டிருந்தது.

சாயங்காலம் நானும் என் மனைவி கயல்விழியும் மொட்டை மாடியில் உட்கார்ந்தோம். அவள் திருநெல்வேலிக்காரி. ஏரி மேல் வெயில் தங்கமாக உருகிக்கொண்டிருந்தது. அந்தத் தங்கமும் எங்களுடையதுதான் என்று தோன்றியது.

"ஏரியப் பார்த்த மாதிரி ஒரு வீடு வாங்கிருவோம்" என்றேன்.

"சமையக்கட்டுல பெரிய ஜன்னல் வைக்கணும். தண்ணி மேல மழ விழுறதப் பார்த்துக்கிட்டே தோச சுடணும்." பிறகு, "பாவம்ங்க அந்த ஜான். அவருக்குன்னு அழ ஒரு ஆள் இல்லியே" என்றாள்.

இருவரும் ஜானுக்காக மௌனமாக இருந்தோம். ஒரு கொக்கு தண்ணீர் மேல் மெல்லப் பறந்து போனது. அதுவும் துக்கத்தில் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகு நான் நடக்கவில்லை, மிதந்தேன். பஸ்ஸில் என் காலை மிதித்தவர்களையெல்லாம் மன்னித்தேன். அளக்க வந்த போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, திரைச்சீலைக்கு என்ன நிறம் என்று யோசித்தேன். சூப்பர்வைசர் திட்டும்போது, 'இவருக்கு ஒரு கார் வாங்கித் தர வேண்டும்' என்று இரக்கம் பொங்கியது.

வக்கீல் மறுபடி எழுதினார். உறவுக்கு ஒரு ஆதாரம் வேண்டும், முன்பணமாகக் கோப்புக் கட்டணமும் வேண்டும் என்றார். கயல் தன் வளையல்களைக் கழற்றி மேஜையில் வைத்தாள். திங்கட்கிழமை அடகுக்கடை என்று முடிவானது. ஆதாரம் தேடி நான் சனிக்கிழமையே நசரத்பேட்டைக்குக் கிளம்பினேன். அங்கேதான் எங்கள் பூர்வீக வீடு. அம்மா காலமான பிறகு அப்பாவும் அவருடைய அக்காவான என் அத்தையும் அதில் இருந்தார்கள்.

முதலில் அத்தைக்குச் செய்தி சொல்லலாம் என்று எஸ்டேட் பஸ் நிறுத்தத்திலிருந்து போன் போட்டேன். நாலாபக்கமும் ஹாரன்.

"அத்தே! ஜான் கோதண்டம் செத்துட்டாரு! விபத்து!"

மறுமுனையில் 'ஐயோ' என்று ஒரு சத்தம். போன் கட்டாகிவிட்டது. முகம் பார்க்காத ஜானுக்காக இந்த அத்தைக்கு எவ்வளவு பாசம் என்று நெகிழ்ந்துபோய் பஸ் ஏறினேன். ஏரிக்கரை வீட்டில் ஊஞ்சலை எங்கே மாட்டுவது என்ற யோசனையில் நிறுத்தத்தைத் தவறவிட்டு, வெகுதூரம் போய்த் திரும்பி வந்தேன்.

தெருவில் சாமியானா போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. சங்கு ஊதுகிறவர் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அத்தை மகன் முருகன் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான்.

"மச்சான், மாமா பாடி எப்போ வரும்? ஐஸ் பொட்டி சொல்ட்டேன்."

"வராது முருகா. பிளேன் கடல்ல விழுந்துடுச்சாம்."

"பிளேனா? காலைல பூந்தமல்லிக்குக் கண்ணாடி மாத்தப் போறேன்னுதானே சொல்ட்டுப் போனாரு!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

அவன் துக்கத்தில் உளறுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். பேனர் கடை வைத்திருக்கும் அவன், அதற்குள் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரும் அடித்து மாட்டியிருந்தான். அதில் கோதண்டம் என்று பெரிதாக எழுதி, சிரித்த முகமாக ஒரு படம் போட்டிருந்தது. என் அப்பாவை அப்படியே உரித்து வைத்த மாதிரி இருந்தது. ஜானுக்கும் அப்பாவுக்கும் என்ன ஒரு சாயல்! இதைவிட வக்கீலுக்கு வேறென்ன ஆதாரம் வேண்டும்? செல்போனை எடுத்து நேராகவும் சாய்த்தும் படம் பிடித்தேன்.

அப்போதுதான் புதுக் கண்ணாடி பளபளக்க, மொபெட்டில் அப்பா வந்து இறங்கினார். சங்கு ஊதுகிறவர் கையில் டீ அப்படியே நின்றது. அப்பா பேனரை ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை படித்தார்.

"இன்னாடா இது? நான் இங்க நின்னுகினு கீறேன், எவன்டா என்ன சாகடிச்சது?"

"உன் புள்ளதான்டா போன் பண்ணான்! உன் போன வேற ஊட்லயே வெச்சிட்டுப் பூட்டியே, நான் எங்கடா உன்னத் தேடுவேன்!" என்று அத்தை பாய்ந்து வந்து அவர் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்து அழுதாள். எனக்கு ஒரு வாரக் கனவும் அவள் தடவுவதைப் பார்த்ததும் கலைந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. கயல்.

"எங்க இருக்கீய? எனக்கும் அதே வக்கீல் எழுதியிருக்கான். சுரங்க அதிபர் ஜான் முத்தையா விமான விபத்துல செத்துட்டாராம். அதே எட்டு மில்லியன்!" முத்தையா என் மாமனார். கயலும் மெயிலில் அப்பா பெயரைத்தான் கடைசிப் பெயராகப் போட்டிருந்தாள். "இப்பதான் எங்கப்பாட்ட பேசுனேன், மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருக்காவ. எட்டு மில்லியன் தாரவன் கட்டணத்த அதுலயே கழிச்சுக்கிட வேண்டியதான? யாருகிட்டயும் சொல்லாதன்னது எதுக்குன்னு இப்பல்லா புரியுது. வளையல எடுத்துப் போட்டுக்கிட்டேன். நீங்க பத்திரமா வாங்க."

பத்திரமாக வருவது அவ்வளவு சுலபமாக இல்லை. மாலையோடு வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நானே நடந்ததைச் சொல்ல வேண்டும் என்பது அப்பா விதித்த தண்டனை. வந்த மாலைகள் வீணாகக் கூடாது என்று எல்லாவற்றையும் அவரே கழுத்தில் போட்டுக்கொண்டு, பேனருக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து வரவேற்றார். அன்றிலிருந்து நசரத்பேட்டையில் அவருக்குப் 'பிளேன் கோதண்டம்' என்று பெயர்.

இப்போது அந்நிய மெயில் எது வந்தாலும், அது உண்மையாகவே பரிசாக இருந்தாலும், முதலில் அப்பாவுக்குப் போன் செய்து உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் அழிக்கிறேன்.

போன பொங்கலுக்குப் போனபோது என் மகள் அவர் மடியில் உட்கார்ந்து கேட்டாள்: "தாத்தா, நீங்க செத்துப்போனப்ப யாரு ரொம்ப அழுதா?"

"உங்க அத்தப்பாட்டி அழுதா, முருகன் அழுதான், சங்கு ஊத வந்தவன்கூட கண்ணத் தொடச்சான்" என்றவர், என் பக்கம் திரும்பாமலே முடித்தார்: "உங்கப்பன்தான் அழவே இல்ல. போட்டோ புட்ச்சுகினு இருந்தான்."