கோழிப்பண்ணைக்கு வந்த பென்குயின்

ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காகச் சண்டை போடுகிற எவனும் உண்மையில் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காகச் சண்டை போடுவதில்லை. இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், பார்த்திருக்கிறேன். விண்டோஸா லினக்ஸா என்று ஆபீசில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறவனுக்கு அந்த வருஷம் ப்ரமோஷன் கிடைத்திருக்காது. இணையத்தில் பக்கம் பக்கமாகத் திட்டி எழுதுகிறவனுக்கு வீட்டில் பேச ஆள் இருக்காது. என் காரணம் இவை எல்லாவற்றையும் விடக் கேவலமானது. என் மாமனார் வீட்டுப் பந்தியில் எனக்கு எப்போதும் இரண்டாவது இலை.

முதல் இலை என் சகலைக்கு. மாமனாருக்கு இரண்டு பெண்கள், ஒரு மகன். மூத்த பெண்ணைக் கட்டியவர் ரமேஷ், கோவையில் ஒரு கம்பெனியில் முந்நூறு விண்டோஸ் கணினிகளை மேய்ப்பவர். நான் இளையவளைக் கட்டியவன், பெங்களூரில் லினக்ஸ் சர்வர்களோடு குடித்தனம் நடத்துபவன். அவரை வாய் நிறைய 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவேன். (மனதுக்குள் கூப்பிடுவதை அச்சில் ஏற்ற முடியாது.)

மாமனாருக்கு ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் கோழிப்பண்ணை. எல்லாம் காற்றோட்டமான பழைய மாதிரித் திறந்த ஷெட்டுகள். என் மச்சான் செந்தில்தான் சண்டை பிடித்து, முதன்முதலாக ஒரு மூடிய ஷெட் கட்டினார். நாலு பக்கமும் அடைப்பு. ஒரு முனையில் தண்ணீர் வழியும் ஈரப் பலகைகள், மறு முனையில் ஆள் உயர ஃபேன்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே கோழிகள் இருபத்தேழு டிகிரியில் சொகுசாக இருக்கும். ஃபேன் நின்றால் மட்டும் அரை மணி நேரத்தில் அது அடுப்பாகிவிடும்.

மாமனார் ஒரே நிபந்தனை போட்டிருந்தார். "ஒரு வருசம் சேதாரமில்லாம ஓட்டிக் காட்டு. அப்புறம் ரெண்டாவது ஷெட்டப் பத்திப் பேசு." செந்தில் மச்சான் அந்த ஒரு வருஷத்துக்கு உயிரைக் கொடுத்து உழைத்தார். இரண்டாவது ஷெட்டுக்கு இடத்தைக்கூட மட்டப்படுத்தி வைத்துவிட்டார். பதினோரு மாதம் முடிந்த நிலையில்தான் நான் விடுமுறைக்குப் போய் இறங்கினேன்.

சகலையின் மகனுக்குக் காதுகுத்து. அதற்கு இரண்டு நாள் முன்பே போய்விட்டேன். பொழுது போகாமல் பண்ணை ஆபீசுக்குள் நுழைந்தால், ரோட்டோரத்து அந்தச் சின்ன அறையில் ஒரு கிழட்டுக் கணினி இருந்தது. ஷெட்டின் வெப்பநிலை கேபிள் வழியாக அதற்கு வரும். சூடு ஏறினால் அது சைரனை அலற வைத்து, செந்தில் மச்சானுடைய போனுக்கும் தகவல் அனுப்பும். உள்ளே பழைய விண்டோஸ், அதுவும் காசு கொடுத்து வாங்காத விண்டோஸ். நிறுவிக் கொடுத்தவர் யார் என்று விசாரித்தேன். மூத்த மாப்பிள்ளையாம்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

"மச்சான், இது திருட்டு விண்டோஸ். வைரஸ் வந்தால் மொத்தமும் போச்சு. நான் லினக்ஸ் போட்டுத் தர்றேன். ஜென்மத்துக்கும் பிரச்சினை வராது" என்றேன்.

செந்தில் மச்சான் தலையைச் சொறிந்தார். "இப்ப நல்லாத்தானுங்க ஓடுது மாப்ள."

"நல்லா ஓடுற மாதிரி தெரியும் மச்சான். அதுதான் விண்டோஸ்."

அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை ஒன்றைச் சொல்லிவிட்டால் முகத்துக்கு நேராக 'வேண்டாம்' என்று யாரும் சொல்லமாட்டார்கள். சோற்றில் உப்பு இல்லை என்று மாப்பிள்ளை சொன்னால், உப்பு போட்ட சோற்றிலேயே இன்னும் உப்பைக் கொட்டுவார்கள். எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

அலாரம் மென்பொருள் விண்டோஸுக்காக எழுதியது. அதை லினக்ஸில் ஓட வைக்க ஒரு சுற்றுவழி உண்டு. அரை நாளில் ஓட வைத்தேன். திரையில் பச்சை வட்டம், நடுவில் இருபத்தேழு. வெற்றியைக் கொண்டாட மானிட்டரின் மூலையில் லினக்ஸின் சின்னமான பென்குயின் ஸ்டிக்கரையும் ஒட்டினேன். (ஆமாம், பையில் ஸ்டிக்கரோடு திரிந்த ஆள்தான் நான்.)

பண்ணை சூப்பர்வைசர் பழனியப்பண்ணன் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். "ஏனுங்க மாப்ள, இதென்ன சாதிக் கோழிங்க?"

"கோழி இல்லண்ணா, பென்குயின். குளிர் தேசத்துப் பறவை."

"முட்டை போடுமுங்களா?"

"வருஷத்துக்கு ஒண்ணு, மிஞ்சினால் ரெண்டு."

"அப்ப நமக்குக் கட்டுப்படி ஆகாதுங்க" என்றார்.

அப்புறம் தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டார். "சைரன ஒருக்கா அடிச்சுப் பாத்துடலாமுங்களா? புதுசா எது மாத்துனாலும் செந்திலு அடிச்சுப் பாக்கச் சொல்லுமுங்க."

"எதுக்கண்ணா? கோழிங்க பயந்துக்கும்" என்றேன். கோழிகளின் மேல் அவ்வளவு அக்கறை எனக்கு.

காதுகுத்து அன்று காலை கடைசியாக ஒரு மேதாவித்தனம் செய்தேன். அதுவரை இயந்திரம் என் கணக்கில் திறந்திருந்தது. முழு அதிகாரம் உள்ள கணக்கை இன்னொருவர் கையில் விட்டுவிட்டுப் போவது பாதுகாப்பு அல்ல என்று நாங்கள் பாடம் எடுப்போம். ஆகவே பழனியப்பண்ணனுக்கு அதிகாரம் குறைந்த தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதில் உட்கார வைத்தேன். பச்சை வட்டம் வந்தது. இருபத்தேழு வந்தது.

"அரை மணிக்கு ஒருக்கா ஷெட்டுக்குள்ளார போய்ப் பாத்துட்டு வந்துடறேனுங்க" என்றார் அவர்.

"வெயிலில் எதுக்கண்ணா அலையறீங்க? பச்சையா இருந்தா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். இங்கேயே உட்காருங்க."

"சரிங்க" என்றார்.

மண்டபம் ராசிபுரத்தில். காது குத்தும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவர் தாய்மாமன், அதாவது செந்தில் மச்சான். அந்த ஒரு நாள் அவர் பண்ணையில் இருக்க வழியே இல்லை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை மடியில் வீறிட்டுக் கொண்டிருக்க, போனை மட்டும் இடது கையில் பிடித்திருந்தார்.

"சூடு ஏறுனா போன் அடிச்சுருமில்லீங்க மாப்ள?"

"அடிக்கும் மச்சான். நான் கேரண்டி."

பந்தி முடிந்தது. (முதல் இலை அவருக்கு, இரண்டாவது எனக்கு.) வெற்றிலைத் தட்டைச் சுற்றி பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். சுற்றிலும் உறவினர்கள். நான் குரலை உயர்த்திச் சொன்னேன்: "அண்ணா, பண்ணைக் கம்ப்யூட்டரில் நீங்க போட்ட விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் போட்டுட்டேன்."

சகலையின் வாயிலிருந்த வெற்றிலை நின்றது. "யாரைக் கேட்டு?"

பிறகு நடந்தது முக்கால் மணி நேர யுத்தம். உங்கள் சிஸ்டம் அப்டேட் போட ஆரம்பித்தால் சமைத்துச் சாப்பிட்டுவிட்டே வரலாம் என்றேன் நான். உங்கள் சிஸ்டத்தில் ஒரு பிரிண்டரை ஓட வைத்துக் காட்டிவிட்டு அப்புறம் பேசுங்கள் என்றார் அவர். வைரஸ் என்றேன். கறுப்புத் திரையில் மந்திரம் தட்டுகிறவர்கள் என்றார். உலகத்தின் பெரிய சர்வர்களெல்லாம் எதில் ஓடுகின்றன தெரியுமா என்றேன். கோழிப்பண்ணை என்ன உலகத்தின் பெரிய சர்வரா என்றார். லாரி வைத்திருக்கும் பெரியப்பா முறைக்காரர் ஒருவர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்க, இந்த ரெண்டுல எது நல்லா மைலேஜு தருமுங்க?"

"லினக்ஸ்!" என்று கத்தினேன். கூட்டம் கை தட்டிச் சிரித்தது. சகலை எழுந்து போனார். என் வாழ்க்கையில் நான் முழுதாக ஜெயித்த ஒரே தொழில்நுட்ப விவாதம் அதுதான்.

பத்து நிமிஷம் கழித்து செந்தில் மச்சானின் போன் அடித்தது. அழைத்தது கணினி இல்லை. சாப்பாடு முடித்துவிட்டு மதியத்து முட்டை பொறுக்க ஷெட் கதவைத் திறந்த, பண்ணையில் வேலை செய்யும் ஒரு அக்கா.

அன்று மதியம் பண்ணைக்கு வரும் மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒரு பேஸ் மட்டும் போய்விட்டது. மொத்தக் கரண்டும் போயிருந்தால் ஜெனரேட்டர் தானாக ஓடியிருக்கும். ஒரு பேஸ் மட்டும் போனால் அந்த ஜெனரேட்டருக்குத் தெரியாது. ஷெட்டின் ஃபேன்கள் அத்தனையும் நின்றுவிட்டன. ஆபீஸ் அறை வேறு பேஸில் இருந்ததால் அங்கே லைட் எரிந்தது, கணினி ஓடியது, பழனியப்பண்ணன் தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. கணினியில் இருந்த அலாரமே இந்த ஒரு ஆபத்துக்காக வைத்திருந்ததுதான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஷெட் கதவுகளைத் திறந்து போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு காலை வைத்தேன், மூச்சு முட்டியது. இருபதாயிரம் கோழிகள் இருக்கும் ஷெட்டில் எப்போதும் காது அடைக்கிற இரைச்சல் இருக்கும். அன்று அங்கங்கே கேவல் சத்தம் மட்டும் கேட்டது. பாதிக்கு மேல் செத்துவிட்டிருந்தன.

ஆபீசுக்கு ஓடினேன். பழனியப்பண்ணன் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். திரையில் பச்சை வட்டம். நடுவில் இருபத்தேழு.

"நான் இங்கியேதானுங்க உக்காந்திருந்தேன். பச்சையாத்தானுங்க இருந்துச்சு" என்றார். நான் ஏதோ அவரைக் குற்றம் சொல்ல வந்தவன் என்று நினைத்துவிட்டார்.

எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. லினக்ஸில் அந்தக் கேபிளைப் படிக்க ஒவ்வொரு கணக்குக்கும் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். ஒற்றை வரிக் கட்டளை. என் கணக்குக்குக் கொடுத்திருந்தேன். அங்கே உட்காரப் போகிறவருடைய கணக்குக்குக் கொடுக்கவில்லை. என் கணக்கில் கடைசியாகப் படித்து வைத்திருந்த எண்ணையே அந்த மென்பொருள் காலையிலிருந்து காட்டிக்கொண்டிருந்தது. லினக்ஸ் சொன்னபடி நடந்துகொண்டது. விண்டோஸ் மேலும் எந்தத் தப்பும் இல்லை. பண்ணையில் பழுதாக இருந்தது நான் ஒருவன்தான்.

அதற்குள் மாமனாரும் சகலையும் வந்துவிட்டார்கள். சகலை திரையைப் பார்த்தார், பென்குயினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னங்க தம்பி, உங்க லினக்ஸா?" என்று ஆரம்பித்தார்.

செந்தில் மச்சான் குறுக்கே வந்தார். சட்டை முழுக்க இறகு ஒட்டியிருந்தது.

"அதுல ஒண்ணுமில்லீங்கண்ணா. ரெண்டு நாளா சைரன் சும்மா சும்மா அடிச்சுட்டு இருந்துச்சு. விசேசத்தன்னைக்குத் தொல்லையாப் போயிருமின்னு நாந்தான் எல்லா ஒயரையும் கழட்டி வெச்சேன். மறுபடி மாட்ட மறந்துட்டேன்."

பழனியப்பண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மாமனார் மகன் பக்கம் திரும்பினார்.

"ஒரு ஷெட்டையே பாக்க முடியல. உனக்கெதுக்கு இன்னொண்ணு?" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மறுநாள் பொக்லைன் வந்து குழி தோண்டியது. இரண்டாவது ஷெட்டுக்கு என்று மட்டப்படுத்தி வைத்திருந்த இடத்தில்தான். குழியோரம் நின்றிருந்த மச்சானிடம் போனேன். "மாமாகிட்ட உண்மையைச் சொல்லிடறேன் மச்சான்."

"எதுக்குங்க மாப்ள? செத்ததெல்லாம் எந்திருச்சு வரப்போவுதுங்களா? நீங்க சொன்னா பெரிய மாப்ள சும்மா இருக்க மாட்டாருங்க. அப்புறம் அக்கா ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம்னு நின்னுக்குவாங்க. ரெண்டு பேரும் ஒரே ஊட்டுக்கு வந்து போகோணுமில்லீங்க."

அந்த நேரத்தில் எனக்கு வந்தது வருத்தம் அல்ல, நிம்மதி. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதல் நாள் மண்டபத்தில் முக்கால் மணி நேரம் ஓயாத வாய், "சரிங்க மச்சான்" என்று மூடிக்கொண்டது. இதைப் படிக்கிற வரையில் என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

ஷெட் போட்டுக் கொடுத்த கம்பெனி ஆள் வந்து கணினியைப் பழையபடி ஆக்கிவிட்டுப் போனார். ஸ்டிக்கரை மட்டும் யாரும் உரிக்கவில்லை. அடுத்த முறை போனபோது நான் அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். மச்சான் பார்த்துவிட்டார்.

"உடுங்க மாப்ள. அன்னைக்குப் பண்ணையில ஒண்ணுமே ஆகாத பறவ அது ஒண்ணுதானுங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

இது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. இரண்டாவது ஷெட் வரவேயில்லை. மட்டப்படுத்திய இடத்தில் சோளத்தட்டுப் போர் நிற்கிறது. ஆனால் குடும்பத்துக்கு ஒரு தமாஷ் கிடைத்துவிட்டது. செந்தில் மச்சான் வெளியூர் கிளம்பினால், வீட்டைப் பூட்டினால், கேஸ் அடுப்பை அணைத்தால், யாராவது ஒருவர் கேட்பார்: "செந்திலு, ஒயர மாட்டிட்டியா?" மாமனார் கேட்பார். சகலை எல்லோரையும் விடச் சத்தமாகக் கேட்பார்.

போன மாதம் கறி விருந்து. பந்தியில் உட்கார்ந்திருந்தோம். மச்சான் பரிமாறிக்கொண்டு வந்தார். என் மகளுக்கு ஏழு வயது, இந்தக் கதை நடந்தபோது அவள் பிறக்கவே இல்லை. அவள் இலையிலிருந்து நிமிர்ந்து கேட்டாள்: "மாமா, ஒயர் மாட்டியாச்சா?"

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் சத்தமாகவே.

"மாட்டியாச்சு சாமி" என்றார் மச்சான். அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு என் பக்கம் வந்தார். இன்றும் எனக்கு இரண்டாவது இலைதான். பின்னால் வந்தவரிடம், "மாப்ளைக்கு இன்னொரு முட்டை வையுங்க" என்றார்.

வைத்தார்கள். தின்றேன்.