ஐயாவு ஏன் வெளியே படுக்கிறார்?

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குக் கார்மென் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தபோது, ஐயாவு சாத்திய கதவுக்கு வெளியே அட்டை விரித்துப் படுத்திருந்தார்.

"அங்கிள்! உள்ள ரூம்பு இருக்குல்ல?"

"இருக்கு தங்கச்சி. தங்கமான ரூம்பு." அவர் எழுந்து உட்கார்ந்தார். "கொஞ்சம் புழுக்கம், அதான்."

சுங்காய்த் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்த பிறகு ஐயாவு ஈப்போ பஸ் நிலையத்தில்தான் படுத்தார். காலில் சர்க்கரைப் புண். ஆறு மாதத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரி. தெருவிலேயே கிடந்தால் காலை எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். அதனால் அரசாங்க சுகாதாரக் காப்புறுதித் திட்டம் மருந்தோடு ஊருக்குள்ளேயே சிலிபின் பகுதியில் ஓர் அறையும் பிடித்துக் கொடுத்தது. அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு திட்டத்தின் ஊழியர் கார்மெனுடையது. வியாழக்கிழமை மேலதிகாரி மத்தியாஸ் வந்து பார்ப்பார். ஐயாவு அங்கே தங்கவில்லையென்றால் அறை போய்விடும்.

கார்மென் கலங்கவில்லை. புழுக்கமென்றால் காத்தாடி. மாலையே வாங்கி வந்தாள். அழைக்காமல் அறைக்குள் போகக் கூடாது என்பது திட்டத்தின் விதி. ஐயாவு அழைக்கவில்லை.

"குடும்மா, நானே வச்சிக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை அவர் படிக்கட்டில் கிடந்தார்.

"காத்தாடி ஓடலியா அங்கிள்?"

"ஜோரா ஓடுதுலா! படுக்கத்தான் வசதி பத்தல."

மெத்தை வந்தது. இருவர் படுக்கும் அகலம். புதன்கிழமை ஐயாவு கீழே மோட்டார்சைக்கிள்களுக்கு நடுவில் இருந்தார்.

"மெத்தை பிடிக்கலியா?"

"பஞ்சு மாதிரி இருக்குன்னாங்க."

"யாரு சொன்னா?"

"...கடையில."

கார்மென் நோட்டில் குறித்தாள். முதல் நாள், கதவிலிருந்து இரண்டு அடி. காத்தாடிக்குப் பின் இருபது. மெத்தைக்குப் பின் மூன்று மாடி கீழே. உதவி கூடக் கூட ஆள் தள்ளிப் போகிறார். கணக்கு நேராக இருந்தது, காரணம்தான் தெரியவில்லை. அறையில் சோறு வெந்தால் வீடு என்ற எண்ணம் வந்துவிடும் என்று முடிவு செய்து, பெரிய ரைஸ்குக்கராகப் பார்த்து வாங்கிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை ஐயாவு சாலைக்கு எதிர்ப்புறம், பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மத்தியாஸின் கார் சரியாக அவர் முன்னால் வந்து நின்றது.

"என்னா கார்மென்? மூனு நாளுல ஆளு ரோட்டையே தாண்டிட்டாரு! ரூம்ப ரத்து பண்ணிரவா?"

"வேணாம் சார்! இன்னும் ஒரே ஒரு சாமான். டீவி வாங்கி வச்சிட்டேன்னா கண்டிப்பா உள்ள போயிருவாரு."

பசியாறப் பொட்டலம் வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்த பக்கத்து அறைச் சாந்தினி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ, டீவி மட்டும் வேணாங்க்கா! மொத நாளே அவரோட பஸ் ஸ்டாண்டுல படுத்த செல்லாயி அக்காவும் அவங்க மகளும் ரூம்புக்குள்ள வந்துட்டாங்க, காத்தாடிக்கு ரெண்டு பேரு, மெத்தைக்கு மூனு பேரு, குக்கருக்கு அஞ்சு பேரு. இருட்டோட வேலைக்குப் போறவங்க புண்ணுல மிதிச்சிருவாங்கன்னுதான் அண்ணன் தள்ளித் தள்ளிப் படுக்கிறாரு. டீவியும் வந்துச்சுன்னா மொத்த பஸ் ஸ்டாண்டும் இங்க வந்துரும், அங்க போயி படுக்க அவரு ஒருத்தருதான் மிச்சம்!"